கேட் வைக்காத கட்டடம்

காசிமேட்டிலிருந்து எண்ணூர் போகும் சாலையோரம் ஓர் அடி நிலம் காலியாக இருந்தால் அதில் ஏதாவது வந்து நின்றுவிடும். லாரி நிற்கும். லாரி இல்லையென்றால் பஞ்சர் கடை, அதுவும் இல்லையென்றால் ஒரு கொடிக்கம்பம். தாம்பரம் பக்கம் வளர்ந்த நான், திருவொற்றியூருக்கு மருமகளாக வந்த முதல் வாரத்திலேயே பேருந்து ஜன்னல் வழியாக இதைத் தெரிந்துகொண்டேன். அதனால்தான் அந்த மைதானத்தை முதலில் பார்த்தபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை. மேற்கே லாரிகள் ஓடும் பெரிய சாலை. கிழக்கே மீனவக் குப்பம், அதைத் தாண்டிக் கருங்கல் கொட்டிய கரை, கடல். நடுவில் இவ்வளவு பெரிய மணல்வெளி, அதில் ஒன்றுமே இல்லை. ஒரு தள்ளுவண்டிகூட இல்லை. ஏன்?

நான் வேலை செய்யும் கட்டடக்கலை அலுவலகத்தின் தலைவரை நாங்கள் சார் என்றுதான் கூப்பிடுவோம். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு மணலில் நடந்தார். அது ஜனவரி மாதம்; வெயில் இதமாக இருந்தது. கடல் காற்று எந்தப் பக்கம் வருகிறது, நிழல் எங்கே விழுகிறது, தரை எந்தப் பக்கம் சரிகிறது என்று பார்த்தார். "கட்டடத்தை இடத்து மேல திணிக்கக் கூடாது. இடம் என்ன கேக்குதோ அதைக் கட்டணும்" என்றார். எங்கள் அலுவலகத்தில் இது தினமும் கேட்கும் பேச்சு. அன்று எனக்கு வேறொன்று தோன்றியது. இந்த இடம் எதுவுமே கேட்கவில்லையே. வாயை மூடிக்கொண்டு எங்களைப் பார்ப்பதுபோல் அல்லவா இருக்கிறது?

அங்கே வரவேண்டியது ஒரு சமூகக் கூடம். அதோடு ஒரு படிப்பகம். வேலைக்குப் போகும் அம்மாக்களின் குழந்தைகள் பகலில் இருக்க ஓர் அறை. இந்த மூன்றாவதுதான் என் தூக்கத்தைக் கெடுத்தது. என் மகளுக்கு அப்போது மூன்று வயது. கணவருக்குத் துறைமுகத்தில் ஷிஃப்ட் வேலை. மாமியார் மீஞ்சூரில் நாத்தனாரின் கைக்குழந்தையோடு இருந்தார். கீழ்வீட்டு அம்மாள் என் மகளைப் பார்த்துக்கொள்வார்; பார்த்துக்கொள்வது என்றால் கையில் செல்போனைக் கொடுத்துவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பார். அந்த மைதானத்தில் கட்டடம் வந்தால், எங்கள் வீட்டிலிருந்து ஷேர் ஆட்டோ போகும் தூரத்தில், என் மகள் பகல் முழுவதும் அங்கேதான் இருப்பாள். அப்படியிருக்க, அது ஏன் காலியாகக் கிடக்கிறது என்று தெரியாமல் நான் எப்படிக் கோடு போடுவது?

சாருக்கும் என் கணக்கு தெரியும். "உன் குழந்தைக்காக டிசைன் பண்ணாதே. ஊருக்காகப் பண்ணு" என்றார், சிரித்துக்கொண்டே. அது இன்றும் நெருஞ்சி முள்ளாகக் குத்துகிறது. ஊருக்காக யோசிக்கிறேனா, மகளுக்காக யோசிக்கிறேனா என்று பிரித்துப் பார்க்க அன்றும் எனக்குத் தெரியவில்லை.

அதன் பிறகு சனிக்கிழமைகளில் மகளையும் தூக்கிக்கொண்டு தனியாகப் போனேன். மைதானத்தின் முகப்பில், சாலையோரம், நீல நிற ஐஸ் பெட்டி வைத்து மீன் விற்கும் அக்கா ஒருத்தி உட்கார்ந்திருப்பாள். குப்பத்துப் பெண்களில் அவள் பேச்சுக்குத்தான் எடை அதிகம் என்பது போன சிறிது நேரத்திலேயே தெரிந்துவிடும். ஒரு சங்கரா மீனை வாங்கிக்கொண்டு, சும்மா கேட்பதுபோல் கேட்டேன்.

"ஏன்க்கா, இவ்ளோ பெரிய இடம் காலியா இருக்கே?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. என் இடுப்பில் இருந்த மகளைப் பார்த்தாள்.

"அது சுடுகாடுமா."

"சுடுகாடா?"

"அந்தக் காலத்துல. கொயந்தைங்கள பொதைக்கிற எடம். உச்சி நேரத்துல எங்க புள்ளைங்களயே நாங்க உள்ள வுட மாட்டோம். நீ இன்னாடான்னா இடுப்புல வெச்சிக்கினு சுத்தற. போமே, வூடு போய் சேரு."

படித்தவள் நான். பேயில் நம்பிக்கை இல்லை. ஆனாலும் அன்று வீட்டுக்கு வந்ததும் மகளுக்கு உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டேன். கணவர் பார்த்துவிட்டு, "ஆர்கிடெக்ட் மேடம், பிளான்ல பேய்க்குத் தனி ரூம் உண்டா?" என்று கேட்டார். சுடுகாடு என்றால் பழைய வரைபடத்தில் இருக்க வேண்டுமே என்று யோசித்துக்கொண்டிருந்தேன். தேடினேன், இல்லை.

அடுத்த வாரம் ஊர்ப் பஞ்சாயத்தில் பொறுப்பில் இருக்கும் பெரியவரைக் கேட்டேன். வெள்ளை வேட்டி, கையில் இரண்டு செல்போன். "அது தண்ணி நிக்கிற எடம்மா. மய வந்தா முட்டி வரைக்கும் நிக்கும். பாம்பு வரும். போன மயையில ஒரு கொயந்த..." என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து, "சரி வுடு, உங்கிட்ட எதுக்கு" என்று நிறுத்திக்கொண்டார். சொல்லாமல் விட்டதுதான் எனக்கு அதிகம் பயம் தந்தது. ஆனால் நாங்கள் மட்டம் எடுத்துப் பார்த்தபோது, குப்பத்துத் தெருக்களை விட, சாலையை விட, அந்த மைதானம்தான் மேடு. அங்கே தண்ணீர் நிற்க வேண்டுமென்றால் அதற்கு முன்னால் அவருடைய வீடு மூழ்கியிருக்க வேண்டும்.

டீக்கடைக்காரர் வேறொன்று சொன்னார். அடியில் ஏதோ கம்பெனி சாம்பலைக் கொட்டி மூடியிருக்கிறார்களாம். அங்கே விளையாடிய பிள்ளைகளுக்கெல்லாம் மூச்சிழுப்பு வந்துவிட்டதாம். என் மகளுக்கு மார்கழியில் இழுப்பு வரும். அது அவருக்கு எப்படித் தெரியும்? நான்தான் முதல் வாரம் பேச்சுவாக்கில் ஐஸ் பெட்டி அக்காவிடம் சொல்லியிருந்தேன். அது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. இவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள்.

மண் பரிசோதனை செய்யச் சொல்லி சாரை நச்சரித்தேன். துளை போட்டுப் பார்த்தார்கள். மணல், அதன் கீழே கிளிஞ்சல் கலந்த மணல், அதன் கீழேயும் மணல். சாம்பல் இல்லை, எலும்பு இல்லை. "இப்போ திருப்தியா?" என்றார் சார். எனக்குச் சந்தேகம் கூடியதே தவிரக் குறையவில்லை. பொய் என்று தெரிந்துவிட்டால் நிம்மதி வரவேண்டும். மூன்று பேர் சேர்ந்து ஆளுக்கொரு பொய்யைச் சொன்னால், அதற்குப் பின்னால் இருப்பது என்ன?

ஒன்றைக் கவனித்தேன். அந்த மைதானம் சும்மா காலியாக இல்லை, காலியாக வைக்கப்பட்டிருந்தது. வட சென்னையில் எந்த வெற்றிடத்தில் கால் வைத்தாலும் பீர் பாட்டில் சில்லு, பிளாஸ்டிக், மீன் முள் ஏதாவது செருப்பைக் குத்தும். இங்கே என் மகள் வெறுங்காலோடு ஓடினாள், ஒரு கீறல் இல்லை. ஒருநாள் ஐஸ் பெட்டி அக்கா மைதானத்தின் நடுவிலிருந்து ஒரு கண்ணாடித் துண்டைப் பொறுக்கி, முந்தானையில் சுற்றி, சாலையைத் தாண்டிப் போய்ப் போட்டுவிட்டு வந்தாள். இன்னொரு நாள் அங்கே நின்று பீடி பற்றவைத்த ஒருவனை அவள் கொடுத்த வசவில் அவன் பீடியை வாயோடு விழுங்கியிருப்பான். சுடுகாட்டையும் பாம்புப் புற்றையும் யார் இப்படிப் பெருக்கி வைப்பார்கள்?

பக்கத்து மனையைப் பார்த்தபோது ஒரு பதில் கிடைத்ததுபோல் இருந்தது. அதைச் சுற்றிக் காம்பவுண்டுச் சுவர், பெரிய இரும்பு கேட். உள்ளே கன்டெய்னர் லாரிகள். நான் என் மனதுக்குள் முடிவு கட்டிவிட்டேன். இந்த மைதானத்தையும் யாரோ லாரி நிறுத்தப் பேசி வைத்திருக்கிறார்கள். அதற்காகத்தான் சுத்தமாக வைக்கிறார்கள். எங்கள் கட்டடம் வரக்கூடாது என்பதற்காகத்தான் என்னைப் பயமுறுத்துகிறார்கள். ஐஸ் பெட்டி அக்கா அந்த யாரோவின் ஆள். அவள் என் மகளுக்கு மீன் வறுவல் கொடுத்தபோது, வேண்டாம் என்று சொல்லி வாங்காமல் வந்தேன். மகள் ஷேர் ஆட்டோ முழுக்க அழுதாள். ஆட்டோவில் இருந்த எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

இதையெல்லாம் சாரிடம் சொன்னபோது, "இடத்தைப் பாரும்மா. ஆளுங்களைப் பார்த்துச் சந்தேகப்பட்டா ஒரு செங்கல்கூட வைக்க முடியாது" என்றார். இடமும் ஆளும் எப்படி வேறு வேறாகும் என்று கேட்கத் தோன்றியது. போய்க் கோடு போட உட்கார்ந்தேன். வரைபடம் முடிந்தது. மைதானத்தின் நட்டநடுவே, நாலு பக்கமும் திறந்த முற்றத்தைச் சுற்றி, காற்று புகுந்து வெளியேறும் அழகான கட்டடம். அழகு என்பதை நான் மறுக்க மாட்டேன். சுற்றிலும் காம்பவுண்டு, சாலையைப் பார்த்து ஒரு கேட். அந்த கேட்டை நான்தான் கேட்டுப் போடவைத்தேன். லாரி ஓடும் சாலையோரம் குழந்தைகள் இருக்கும்போது கேட் இல்லாமலா?

ஏப்ரல் மாதம் பாதி கடந்த ஒரு காலைப் பொழுதில், தரையில் சுண்ணாம்புப் பொடி தூவிக் கட்டடத்தின் மூலைகளைக் குறிக்கப் போனேன். கீழ்வீட்டு அம்மாள் ஊருக்குப் போயிருந்ததால் மகளும் கூட வந்தாள். சார் பின்னால் காரில் வருவதாகச் சொல்லியிருந்தார். ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கி நிமிர்ந்தேன். தவறான இடத்தில் இறங்கிவிட்டோமோ என்று நினைத்தேன்.

மைதானம் தெரியவில்லை. முழுவதும் வலை. பச்சை, நீலம், ஆரஞ்சு என்று மலை மலையாகக் குவிந்தும், முனையிலிருந்து முனைவரை நீளமாக விரிந்தும் கிடந்தது. மூங்கில் கழிகளுக்கு நடுவே தொங்கியது. ஆண்கள் கால்விரலில் வலைக்கண்ணை மாட்டிக்கொண்டு வலை ஊசியால் கிழிசலைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். பெண்கள் மிதவைகளைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். ஒரு பக்கம் அடுப்பு வைத்து வடை போட்டுக்கொண்டிருந்தார்கள். நேற்றுவரை அமைதியாக இருந்த இடத்தில் ஒரு கல்யாண வீட்டின் இரைச்சல்.

மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியிருந்தது. ஜூன் பாதி வரை பெரிய படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. மற்ற மாதங்களில் படகிலேயே இருக்கும் வலைகள் எல்லாம் அப்போதுதான் கரைக்கு வரும். வருடம் முழுவதும் கிழிந்ததையெல்லாம் அப்போதுதான் கட்ட முடியும். நாங்கள் வந்ததெல்லாம் ஜனவரி, பிப்ரவரி, மார்ச். வெயிலின் பாதையைப் பன்னிரண்டு மாதத்துக்கும் வரைந்து வைத்திருந்தோம். மனிதர்கள் எந்த மாதத்தில் எங்கே இருப்பார்கள் என்பதை வரையவில்லை.

எல்லோரும் நிமிர்ந்து எங்களைப் பார்த்தார்கள். சுண்ணாம்புப் பொடி இருந்த என் வாளியைப் பார்த்தார்கள். ஐஸ் பெட்டி அக்கா மிதவையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள்.

"இன்னா இன்ஜினியரம்மா, பேயெல்லாம் குந்திகினு வல கட்டிகினு கீது, பாத்தியா?"

மைதானமே சிரித்தது.

"ஏன்க்கா பொய் சொன்னீங்க? வலை கட்டற இடம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

"சொல்லியிருந்தா? சொல்லு, இன்னா பண்ணியிருப்ப?"

"பிளான்ல எழுதியிருப்போம்."

"ஆங்! எய்துவ. எய்திகினு போயி, வலதான, அத்த வேற எங்கனா போய் கட்டிக்கலாம்னு மேல இருக்கறவன் சொல்லுவான்." அவள் பக்கத்து மனையைக் கைகாட்டினாள். "தோ, அந்த எடத்துக்கும் இப்டிதான் வந்தாங்க. உன்ன மாதிரியே டீஜென்டா பேசினாங்க. லைப்ரரி வரப்போவுது, இங்க இன்னா பண்றீங்கன்னு கேட்டாங்க. படகு ஏத்தி வைக்கிறோம்னு உண்மைய சொன்னோம். படகு எங்க வேணா நிக்குமேன்னாங்க. மொதல்ல செவுரு வந்துச்சி. அப்பால கேட்டு வந்துச்சி. அப்பால பூட்டு. லைப்ரரி வந்துச்சா? லாரி வந்துச்சி. ஒரு தபா உண்மைய சொல்லி ஏமாந்துட்டோம். இன்னொரு தபா ஏமாற நாங்க இன்னா லூசா?"

"அதுக்காகக் குழந்தையைச் சொல்லியா பயமுறுத்துவீங்க?"

"வேற எத்த சொன்னா நீ பயப்படுவ? உன்ன பாத்தவொடனே தெர்ஞ்சிச்சே, கொயந்த பேர சொன்னா ஓடிப்போற ஆளுன்னு. நீயும் லேசுல ஓடலியே. மண்ண நோண்டி வேற பாத்த!"

பக்கத்தில் இருந்த கிழிசலைக் கட்டிக்கொண்டே ஒருவர், "வுடு மே, பாவம். பயந்துகினே இத்தினி வாட்டி வந்துச்சே, அதுக்கே ஒரு மீனு குடுக்கலாம்" என்றார். மறுபடியும் சிரிப்பு.

நானும் ஏதோ பதில் சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் மகளைப் பிடித்திருந்த கை வெறுமையாக இருப்பது தெரிந்தது. மகள் இல்லை.

வலைக்குவியல்களுக்கு நடுவே மூன்று வயதுக் குழந்தை எங்கே தெரியும்? பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். சாலைப் பக்கம் ஒரு லாரி நீளமாக ஹாரன் அடித்தது. அந்தச் சத்தம் வந்த பக்கம் ஓடினேன். வாளி எங்கே விழுந்தது என்று தெரியாது; பிறகு பார்த்தபோது என் புடவை முழுக்கச் சுண்ணாம்பாக இருந்தது. பெண்கள் ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள். என்னைக் கேலி செய்துகொண்டிருந்தவர்கள்தான் எனக்கு முன்னால் ஓடினார்கள்.

சாலைப் பக்க வாயிலில்தான் இருந்தாள். மைதானத்துக்குள் நுழையும் இடத்தில், இரண்டு கழிகளுக்கு நடுவே நீலநிற வலை ஒன்றைக் காயப்போட்டிருந்தார்கள். அந்த வலையைப் பிடித்துக்கொண்டு, வலைக்கண்களுக்குள் விரல்களை விட்டு, மூக்கை வெளியே நீட்டி, போகிற லாரிகளுக்கெல்லாம் டாட்டா காட்டிக்கொண்டிருந்தாள். வலை தொய்ந்து அவளைப் பின்னால் தள்ளியது. அவள் சிரித்துக்கொண்டே மறுபடி முட்டினாள். அதற்கப்பால் கைக்கெட்டும் தூரத்தில் லாரிச் சக்கரங்கள்.

அவளைத் தூக்கிக்கொண்டு வலைக்கு அருகிலேயே உட்கார்ந்துவிட்டேன். அக்கா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். பிறகு, என்னிடம் இல்லை, என் மகளிடம் சொன்னாள்: "பாத்தியா குட்டிம்மா? இந்த எடமும் கைய வுட்டு பூட்ச்சின்னா நாங்க வலய எங்க கொண்டுபோய் கட்டுவோம்? ரோட்ட வுட்டா எங்களுக்கு வேற வயி இல்ல. லாரிக்குப் பக்கத்துல வல. வலைக்குப் பக்கத்துல அம்மா. அம்மாவுக்குப் பக்கத்துல உன்ன மாதிரி இத்தினி கொயந்தைங்க."

சார் வந்தார். காரிலிருந்து இறங்கி, விரிந்து கிடந்த வலைகளை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். ஒன்று சொல்ல வேண்டும். அவர் வீம்பு பிடிக்கவில்லை. நடுவில் கட்டுவதை அங்கேயே கைவிட்டார். உங்களுக்கு எவ்வளவு இடம் வேண்டும், அளந்து விட்டுவிடுகிறோம் என்றார். டேப்பை எடுத்ததும் பெண்கள் முகம் மாறியது.

"அளக்காத" என்றாள் அக்கா. "அளந்தா மிச்சம் இத்தினின்னு ஒரு கணக்கு வரும். அந்த மிச்சத்துல ஒருத்தன் வந்து நிப்பான். கண்ணு கீதுல்ல? பாத்துக்க."

அளக்காமல் கட்டடம் வரைவது எப்படி என்று எந்தக் கல்லூரியும் எனக்குச் சொல்லித் தரவில்லை. தடைக்காலம் முடியும் வரை போய்ப் போய்ப் பார்த்தேன். மிக நீளமான வலையை விரிக்கும்போது அது எங்கே முடிகிறது, நிழலுக்காக ஆட்கள் எந்த நேரத்தில் எங்கே நகர்கிறார்கள், வலையைத் தொங்கவிட எந்த உயரம் தேவை என்று பார்த்தேன். அவர்கள் என்னைப் பார்த்தார்கள். நான் வேவு பார்க்கிறேனா என்று அவர்களுக்குச் சந்தேகம். காட்டுவதெல்லாம் நாடகமா என்று எனக்குச் சந்தேகம். அப்படியேதான் அந்தக் கட்டடம் உருவானது.

புதிய வரைபடத்தில் மைதானம் முழுதாக அப்படியே விடப்பட்டது. கட்டடம் சாலையோரமாக, ரயில் பெட்டி போல ஒல்லியாக, நீளமாக நின்றது. சாலையைப் பார்க்கும் மேற்குச் சுவர் தடிமன். மாலை வெயிலும் லாரிப் புகையும் முதலில் அதில்தான் மோதும். அந்தச் சுவரை ஒட்டிப் படிக்கட்டு, கழிப்பறை, சாமான் அறை. கூடம், படிப்பகம், குழந்தைகள் அறை எல்லாம் கிழக்கே, மைதானத்தையும் கடலையும் பார்த்து. மைதானப் பக்கம் முழு நீளத்துக்கும் அகலமான தாழ்வாரம், அதன் தூண்களில் வலையை மாட்ட இரும்பு வளையம். சாலைப் பக்கம் கதவே கிடையாது. கட்டடத்தின் தெற்கு முனையில் விட்ட இடைவெளி வழியாக மைதானத்துக்குள் வந்து, அதன் பிறகுதான் எந்த அறைக்கும் போக முடியும்.

அந்த இடைவெளியில்தான் சண்டை வந்தது. நான் அங்கே ஒரு கேட் வரைந்திருந்தேன். குப்பத்துப் பெண்களைக் கூட்டி வரைபடத்தை விரித்துக் காட்டியபோது, தூணில் இருந்த வளையத்தைப் பார்த்து, "இது இன்னாத்துக்கு, மாடு கட்டவா?" என்று ஒருத்தி கேட்டாள். வலை மாட்ட என்றதும் தலையாட்டிக்கொண்டார்கள். ஆனால் அக்காவின் விரல் நேராக கேட்டில் வந்து நின்றது.

"இது வேணாம்."

"அக்கா, குழந்தைங்க இருக்கற இடம். அன்னிக்கு என் பொண்ணு எங்க நின்னான்னு பார்த்தீங்கல்ல?"

"பாத்தேன். அதுக்குத்தான் நானும் ஓடியாந்தேன். ஆனா கேட்டு வேணாம்."

"சாவி உங்ககிட்டயே இருக்கட்டும்."

"இன்னிக்கு எங்கிட்ட. நாளைக்கு? கேட்டுன்னு ஒண்ணு இருந்தா பூட்டுன்னு ஒண்ணு வரும். பூட்டு வந்தா சாவி கைமாறும். நீ நல்லவதான். நீ போன பின்னாடி?"

நான் விடவில்லை. அவளும் விடவில்லை. என் மகளை இந்தச் சாலையோரம் கதவில்லாத இடத்தில் விட முடியாது என்று கத்தினேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கேட் வந்தால் கட்டடமே வேண்டாம், வந்த வழியே எடுத்துக்கொண்டு போ என்று அவளும் கத்தினாள். சார் இருவரையும் பார்த்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார். எனக்கு அவள் பயம் புரிந்தது. அவளுக்கும் என் பயம் புரிந்திருக்க வேண்டும். புரிந்தும் இருவருக்கும் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. யாருக்காக விட்டுக்கொடுப்பது? எனக்கு ஒரே குழந்தை. அவளுக்கு ஒரே மைதானம்.

வீட்டுக்கு வந்து சாதம் ஊட்டும்போது மகள் தட்டு கவிழ்த்து வைக்கும் கூடையின் ஓட்டைகளில் விரலை விட்டு, முகத்தை வைத்து அழுத்தி, "லாரி டாட்டா" என்றாள். நான் சோற்றுக் கையோடு அப்படியே இருந்தேன். அன்று அவளைத் தடுத்து நிறுத்தியது எது? காயப்போட்ட வலை. அந்த வலை அங்கே இருந்ததைப் பற்றிக் குப்பத்தில் யாருக்கும் பயம் இல்லை.

மறுநாள் கேட்டை அழித்துவிட்டு, இடைவெளியின் இரு பக்கமும் ஒவ்வொரு தூண் வரைந்தேன். தூணில் முழங்கால் உயரத்திலிருந்து தலை உயரம் வரை வளையங்கள். வேறொன்றும் இல்லை. அக்காவிடம் காட்டி, காலையில் குழந்தைகள் வந்ததும் ஒரு வலையைக் குறுக்கே கட்ட வேண்டும், சாயங்காலம் அவிழ்க்க வேண்டும், இது நடக்குமா என்று கேட்டேன். அவள் நீண்ட நேரம் பார்த்தாள். வரைபடத்தையா என்னையா என்று சொல்ல முடியவில்லை.

"அவுக்க எவனுக்கும் சாவி வேணாம்ல?"

"வேணாம்."

"பூட்டு மாட்ட முடியாதுல்ல?"

"எதுல மாட்டறது?"

"கட்றவ ஒருநாளு மறந்துட்டா?"

அதுதான் என் கேள்வியும். அவள் அதை எனக்கு முன்னால் கேட்டுவிட்டாள். வரைபடத்தில் கீழ் வளையத்தின் மேல் விரலை வைத்தாள். "நான் மறக்க மாட்டேன்" என்று மட்டும் சொன்னாள்.

கட்டடம் வந்து ஒரு தடைக்காலமும் ஒரு மழைக்காலமும் போய்விட்டன. தடைக்காலத்தில் தாழ்வாரத்தில் வலை தொங்குகிறது. அதன் நிழலில் ஊசிகள் ஓடுகின்றன. மற்ற மாதங்களில் மைதானம் பழையபடி காலியாகக் கிடக்கிறது. பார்க்க வரும் கட்டடக்கலை மாணவர்கள் ஏன் இவ்வளவு இடத்தை வீணாக்கினீர்கள் என்று கேட்கிறார்கள். அவர்களிடம் ஏப்ரலில் வரச் சொல்கிறேன். அக்காவிடம் கேட்டால் சுடுகாடு என்கிறாள். என் மகள் குழந்தைகள் அறையின் ஜன்னலிலிருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கிறாள். மார்கழியில் இழுப்பு வந்தபோது அந்தத் தடிச் சுவரைத் தாண்டிப் புகை வருகிறதா என்று ஒரு வெள்ளைக் கைக்குட்டையை ஜன்னலில் கட்டிப் பார்த்தேன். சாயங்காலம் அது லேசாகப் பழுப்பாகத்தான் இருந்தது. வீட்டில் கட்டிய கைக்குட்டையும் அதே நிறத்தில்தான் இருந்தது.

தினமும் காலையில் அவளை உள்ளே விட்டுவிட்டு வெளியே வந்ததும், இடைவெளியில் அக்கா வலையைக் கட்டி முடிக்கும்வரை நிற்பேன். அவள் நகர்ந்ததும் ஒவ்வொரு முடிச்சையும் இழுத்துப் பார்ப்பேன். மேலே, நடுவில், கீழே.

"இன்னா இன்ஜினியரம்மா, இன்னிக்கும் இஸ்த்துப் பாக்குறியா?"

"பாக்கறேன்க்கா."

"பாரு, பாரு. நானும் உன் தூண டெய்லி பாத்துகினுதான் கீறேன், எப்போ கேட்டு மொளைக்கும்னு."

ஷேர் ஆட்டோவில் ஏறித் திரும்பிப் பார்த்தேன். நான் இழுத்ததில் தளர்ந்திருந்த கீழ் முடிச்சை, குனிந்து, பல்லால் கடித்து, மறுபடி இறுக்கிக்கொண்டிருந்தாள்.